வெறுந்தட்டுக்கு வந்த ராசா

ஆவுடையம்மாள் புழக்கடைக் கதவைத் திறந்தபோது ராசா அங்கே நின்றுகொண்டிருந்தார், தலையில் கிரீடம் இல்லை, காலில் செருப்பு இல்லை, காலண்டர் படத்தில் இருக்கிற அதே முறுக்கு மீசையும் அதே வலக்கன்னத்து மச்சமும் மட்டும் இருந்தன, என்னம்மா வேலை இருக்கிறது என்று கேட்டார், அவளும் தூக்கம் கலையாமல் மாவு பிழியணும் ராசா என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள், கொப்பரையில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் வந்திருப்பது யாரென்று அவளுக்கு உறைத்தது, உறைத்தாலும் மாவு ஆறிவிடும் என்பதால் அதை அப்புறம் யோசித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

ஆவுடையம்மாள் ஆவரம்பட்டணத்தில் ஆற்றுத்தெருவில் இடியாப்பம் அவித்து விற்கிறவள். புருஷன் போய்ப் பதினெட்டு வருஷம். மகள் பிரமுவை ஆற்றுக்கு அக்கரையில் கட்டிக்கொடுத்துவிட்டாள், மகன் ஐயம்பெருமாள் இருபத்திரண்டு வயசுக்காரன், அவன்தான் அவளுக்குக் கை, ஏனென்றால் அவள் வீட்டு இடியாப்ப உரல் பலாமரத்தில் கடைந்தது, அதை அமுக்கிப் பிழிய ஆம்பிளைத் தோள் வேண்டும், மாவு நூலாக இறங்குவதற்குள் நெற்றியில் வியர்வை இறங்கிவிடும். அந்தக் கையைத்தான் முந்தின நாள் சண்டைக்கு அழைத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

எங்கள் பட்டணத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டிலிருந்து குழம்புக் கிண்ணம் வந்தால் அதை வெறுமனே திருப்ப மாட்டோம், ஒன்றுமில்லாவிட்டால் இரண்டு மிளகாய், அதுவும் இல்லாவிட்டால் ஒரு சிட்டிகை சீனி போட்டுத்தான் கொடுப்போம், வெறும் பாத்திரம் திரும்பி வந்தால் இனி உனக்கும் எனக்கும் ஒட்டில்லை உறவில்லை என்று அர்த்தம், அப்படி வந்த ஒரு சொம்புக்காக இரண்டு குடும்பம் நாற்பது வருஷம் பேசாமல் இருந்தது இன்றைக்கும் எங்கள் தெருவில் சொல்லக் கேட்கலாம். அரண்மனைக்கும் அதே வழக்கம்தான். ஏழு சீமைக்கும் சக்கரவர்த்தியான அபயங்கர பூபதி சண்டைக்கு ஆள் கூப்பிட்டபோது, பட்டணத்தில் வயசுப்பிள்ளைக்கு ஒன்றாக வீட்டுக்குப் பித்தளைத் தட்டு வந்தது, அதில் வெற்றிலை, பாக்கு, சிவப்புக் கயிறு, வயசுப்பிள்ளை கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டு தட்டோடு பட்டாளத்தில் போய்ச் சேரணும், தட்டு மட்டும் வீடு திரும்பும், திரும்பும்போது அதில் அரண்மனை வகையில் ஒரு படி அரிசியாவது இருக்கும், அப்படித்தான் முந்தின ராசா காலத்தில் நடந்தது. இந்தத் தடவை அவசரத்தில் அரண்மனைக் கிடங்கில் அரிசி அளந்து கொடுக்கிற யாரோ ஒரு உக்கிராண அதிகாரி, தட்டைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று எண்ணி, எழுநூற்றுப் பன்னிரண்டு தட்டையும் அப்படியே லாரியில் ஏற்றிவிட்டான்.

திங்கள்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்கு லாரி தெருத்தெருவாக வந்தது. எழுநூற்றுப் பன்னிரண்டு தட்டுக்கும் பெண்கள் வாசலுக்கு வந்து தட்டை வாங்கிக் குனிந்து பார்த்தார்கள். யாரும் சாபம் விடவில்லை, சாபம் விட்டால் அது பிள்ளை இருக்கிற பக்கம் திரும்பிவிடுமோ என்று பயம். ஆவுடையம்மாள் தட்டை அம்மன் படத்துக்கு முன்னால் வைத்து, தாயே உனக்கே தெரியும் என்று அவள் தினமும் சொல்கிற அதே ஒற்றை வரியைச் சொல்லிவிட்டுப் படுத்தாள். மறுநாள் விடிகிறபோது, பிள்ளை போன வீட்டுக்கெல்லாம் வெறுந்தட்டு ஒன்றுக்கு ஒரு ராசா வந்து சேர்ந்தார்.

ஏழு மணிக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அடுத்த வீட்டு நூருன்னிசாவுக்கு இரட்டைப் பிள்ளைகள், இரண்டு தட்டு, அதனால் இரண்டு ராசா, இரண்டு பேரும் அவள் வீட்டு ஊஞ்சலில் யார் உட்காருவது என்று காலையிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, மைனி, ஒங்க வீட்டு ராசா சாயா குடிப்பாரா, எனக்கு வந்தது ரெண்டும் காப்பி கேக்குது என்று முறையிட்டாள். தினமும் கும்பிடணுமா என்று ஒரு கேள்வி எழுந்தது, காலையில் ஒருதரம் கும்பிட்டால் அன்றைக்குப் போதும், அதற்கப்புறம் வேலை வாங்கலாம் என்று குழாயடியில் பேசி முடிவு கட்டினார்கள். நாவிதர் எல்லா மீசையையும் ஒரே மாதிரி முறுக்கத் தன்னால் முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டார், அதனால் வாரக் கடைசிக்குள் ஒவ்வொரு ராசாவுக்கும் ஒவ்வொரு மீசை ஆனது, அடையாளம் காண அதுவும் வசதியாகப் போயிற்று. கோயிலிலும் பள்ளிவாசலிலும் மாதா கோயிலிலும் ராசா நீடூழி வாழ்க என்று எத்தனை தரம் சொல்வது என்று குழம்பி, ஒருதரம் சொல்வோம், ஆனால் நிதானமாகச் சொல்வோம் என்று மூன்று இடத்திலும் ஒரே முடிவுக்கு வந்தார்கள், அவர்கள் மூன்று பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

ராசாக்கள் ரேஷன் வரிசையில் நின்றார்கள், முதல் நாள் ஒவ்வொருவரும் தான்தான் முன்னால் நிற்கணும் என்றார், இரண்டாம் நாள் இரவல் செருப்பைப் போட்டு இடம் பிடிக்கக் கற்றுக்கொண்டார். தொட்டில் ஆட்டினார்கள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார்கள், வெங்காயம் உரித்து அழுதார்கள், மாமியார் மருமகள் சண்டையில் இரண்டு பக்கமும் நியாயம் சொல்லப் போய் இரண்டு பேரிடமும் ஏச்சு வாங்கினார்கள். அதுவரை ராசா என்றால் நாணயத்தில் ஒரு பக்கம் பார்க்கிற முகம் என்று இருந்த பிள்ளைகள், அவர் தோளில் ஏறிக் காதைப் பிடித்துத் திருப்பி, இந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் போ என்று ஏழு சீமைச் சக்கரவர்த்தியை ஓட்டினார்கள்.

அரண்மனையில் இருந்த ராசாவுக்கு மட்டும் பாடு. வீடுகளில் இருக்கிற எழுநூற்றுப் பன்னிரண்டு உடம்புக்கும் உண்டாகிற வலி அத்தனையும் அவர் உடம்பில் வந்து இறங்கியது, ருசி ஒன்றுகூட வரவில்லை. படைத்தளபதி வரைபடத்தை விரித்துக் குதிரைப்படை இங்கே, பீரங்கி அங்கே என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது ராசா விரலைச் சுட்டுக்கொண்டவர்போல் வாயில் வைத்து ஊதினார், கண்ணில் பொலபொலவென்று வெங்காயக் கண்ணீர் விட்டார், திடீரென்று காதைப் பொத்திக்கொண்டு மெதுவாடா கண்ணா என்றார். தளபதி அதை உத்தரவு என்று எழுதிக்கொண்டு பட்டாளத்தை மெதுவாக நடத்தினார், அதனால் ஒரு நாளில் போகவேண்டிய ஆற்றங்கரைக்குப் பட்டாளம் பதினொரு நாளில் போய்ச் சேர்ந்தது. எல்லாவற்றிலும் பெரிய வலி அவருடைய இரண்டு தோளிலும் விடியற்காலை நாலு மணிக்கு வரும், வைத்தியர்கள் எந்தத் தைலம் போட்டும் அது ஏழு மணிக்கு முன்னால் இறங்காது. அது ஆவுடையம்மாள் வீட்டு உரல்.

அவள் வீட்டு ராசா நல்ல ராசா. முதல் நாள் அவர் பிழிந்தது கயிறாக விழுந்தது, மூன்றாம் நாள் நூலாக விழுந்தது, மூங்கில் தட்டில் வட்டமாகச் சுற்றி விடுவதில் ஐயம்பெருமாளைவிடக் கைத்திறம் வந்துவிட்டது என்று அவளே உள்ளுக்குள் நினைத்து, நினைத்ததற்காக மகனிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டாள். பவுர்ணமிக்கு ஒன்பது நாள் இருந்தது. பவுர்ணமி அன்றைக்கு ஆறு வற்றி நடுவில் கொக்குத்திட்டு என்கிற மணல்மேடு வெளியே வரும், அன்றைக்கு விடிந்ததும் அந்த மணலில் இரண்டு படையும் மோதும் என்று தந்தி ஏழு சீமைக்கும் போய்விட்டது, ஐயம்பெருமாள் முன்வரிசையில் இருக்கிறான் என்று கடிதம் வந்தது. அவள் அதை அரிசிப் பானைக்குள் வைத்தாள், அரிசி அளக்கும்போதெல்லாம் கை அதில் பட்டது.

அன்று அவள் கேட்டேவிட்டாள். எதுக்கு ராசா இந்தச் சண்டை என்றாள்.

ராசா உரலை அமுக்கியபடியே சொன்னார், அக்கரைச் சக்கரவர்த்தியோடு நல்லபடியாக இருக்கணும் என்று மூன்று வருஷமாகக் கடிதம் எழுதினாராம், தூது அனுப்பினாராம், மந்திரிகள் சிரிக்கச் சிரிக்க ஒரு சந்தனப்பெட்டி நிறைய மாம்பழம் அனுப்பினாராம். பெட்டி திரும்பி வந்ததாம். திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை.

"ஒரு மாங்கொட்டைகூட இல்ல தாயே. கழுவித் துடைச்சு, வெறும் பெட்டி. ஏழு சீமை மந்திரியும் பாத்துக்கிட்டு நிக்கான். நான் என்ன செய்வேன்?"

ஆவுடையம்மாள் அடுப்பிலிருந்து திரும்பினாள். கழுவியா வந்தது என்று கேட்டாள். ஆமாம் என்றார். துடைத்தா வந்தது என்று கேட்டாள். பளபளவென்று துடைத்து என்றார். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், அழுகிறாளா சிரிக்கிறாளா என்று ராசாவுக்கு விளங்கவில்லை, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த நூருன்னிசாவுக்கும் விளங்கவில்லை.

விஷயம் இதுதான். பிரமுவைக் கட்டிக்கொடுத்த புதிதில் ஆவுடையம்மாள் ஓடக்காரரிடம் சம்பந்திவீட்டுக்கு முறுக்கும் அதிரசமும் கொடுத்துவிடுவாள், தூக்குச்சட்டி ஒவ்வொரு தடவையும் வெறுமனே திரும்பி வரும், இரண்டு வருஷம் அவள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை, பேறுகாலத்துக்கு மகள் வந்தபோதுதான் சங்கதி தெரிந்தது. அக்கரை வழக்கம் வேறு. அங்கே பாத்திரத்தைக் கழுவித் துடைத்து வெறுமனே திருப்பினால், ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் தின்றோம், இன்னும் அனுப்பு, உன் கையை எதிர்பார்த்து இருக்கிறோம் என்று அர்த்தம். எதையாவது போட்டுத் திருப்பினால்தான், உன்னுடையது உனக்குத் தீர்ந்தது, இனி வராதே என்று அர்த்தம்.

ராசாவின் கை உரலில் நின்றுபோனது. மாவு பாதி நூலில் தொங்கியது. அப்ப அந்த மனுசன் எனக்காகக் காத்துக்கிட்டா இருக்கார் என்று கேட்டார், குரல் சின்னப் பிள்ளைக் குரலாக இருந்தது. இதை அரண்மனை ராசாவுக்கு இப்பவே சொல்லுங்க என்றாள் அவள். அவர் தலையை ஆட்டினார், அங்கே என் வலிதான் போகும் தாயே, பேச்சு போகாது, நேரில்தான் போகணும், ஒரு ராசா போனால் வேஷக்காரன் என்று பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்றார்.

அப்படியானால் எல்லாரும் போவோம் என்றாள் நூருன்னிசா சுவருக்கு மேலே.

மறுநாள் காலையில் பிள்ளை போன அத்தனை வீட்டுச் சொந்தக்காரிகளும் எழுநூற்றுப் பன்னிரண்டு ராசாக்களும் அரண்மனைக்குப் போனார்கள், ஒருத்தர் கையில் மாவு, ஒருத்தர் இடுப்பில் குழந்தை, ஒருத்தர் தோளில் சாக்கு, ஒருத்தர் பின்னாலேயே மாட்டுக்கன்று, வாசலில் இருந்த காவல்காரர்கள் ராசாவைக் கண்டால் சலாம் வைக்கணும் என்பது சட்டம் என்பதால் சலாம் வைத்து, வைத்து, இருநூறாவது ராசாவோடு கை தூக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார்கள், கதவை யார் மூடுவது என்று தெரியவில்லை, ஏனென்றால் ராசா வரும்போது மூடக்கூடாது என்பதும் சட்டம்.

அரண்மனை ராசா வெந்நீர் ஒத்தடத்தோடு உட்கார்ந்திருந்தார். சபை நிறையத் தன் முகமாகவே வந்து நின்றதைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவில்லை, இத்தனை பேர் இருந்தால் இத்தனை வலி வரத்தானே செய்யும் என்று மட்டும் சொன்னார். ஆவுடையம்மாள் முன்னால் போய்த் தூக்குச்சட்டிக் கதையைச் சொன்னாள். சபையில் ஒரு மாட்டுக்கன்று கத்தியது.

திவான்தான் முதலில் பேசினார். சங்கதி நிஜமாகவே இருக்கட்டும், ஆனால் முரசு கொட்டியாகிவிட்டது, படை கரைக்குப் புறப்பட்டாகிவிட்டது, மாம்பழப் பெட்டியைத் தப்பாகப் புரிந்துகொண்டோம் என்று இப்போது திரும்பினால் ஏழு சீமையும் கைகொட்டிச் சிரிக்கும் என்றார். ராசா தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் அந்தச் சிரிப்பு காதில் கேட்டது என்று முகத்தில் தெரிந்தது.

ஆவுடையம்மாள் மெதுவாகத்தான் பேசினாள். கோயிலில் அம்மனிடம் பேசுகிற குரல் அது.

"ராசா, ஊரு சிரிச்சா ஒடம்பு வலிக்காது. எது வலிக்கும்னு ஒங்க தோளுக்கே தெரியும். எம் மகன் முன்வரிசையில நிக்கான். எங்க வீட்டு வலியெல்லாம் ஒங்களுக்கு வருது, சரி. அவனுக்கு ஒண்ணு பட்டா அந்த வலி ஒங்களுக்கு வராது. அது எனக்குத்தான் வரும். அதுக்கு நீங்க ஒத்தடம் போட முடியாது."

ராசா தோளிலிருந்த துணியை எடுத்துக் கீழே வைத்தார். அந்தப் பெட்டி எங்கே என்று கேட்டார். எதிரி செய்த அவமானத்துக்கு அத்தாட்சியாக அது ஆயுதசாலையில் கண்ணாடிக்குள் இருந்தது. எடுத்து வா, நிரப்பு என்றார். மாம்பழக் காலம் முடிந்துவிட்டது என்றார் திவான், அதைச் சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் வருத்தமாக இருந்தது. அப்போது சபையில் இருந்த அத்தனை ராசாக்களும் ஒரே நேரத்தில் திரும்பி ஆவுடையம்மாளைப் பார்த்தார்கள்.

பவுர்ணமி விடியலில் அவள் வீட்டு ராசா தன் வாழ்நாளில் பிழியாத பிழியல் பிழிந்தார், அரண்மனை ராசா ஓடத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டு முனகினார், பிழிந்தது அவர் முன்னால் ஆவி பறக்கிற சந்தனப்பெட்டியில் இருந்தது, கொடுக்கப்போகிற பண்டத்தைத் தொட்டுப் பார்க்கக்கூடாது என்பதால் ஒரு நூல்கூட அவர் வாயில் வைக்கவில்லை. கூட ஆவுடையம்மாள் தேங்காய்ப்பால் சொம்போடு உட்கார்ந்திருந்தாள். கொக்குத்திட்டில் ஓடம் தட்டியபோது இந்தக் கரையில் நம் பிள்ளைகள் துப்பாக்கியோடு நின்றார்கள், முன்வரிசையில் மூன்றாவதாக ஐயம்பெருமாள், கையில் சிவப்புக் கயிறு, அம்மாவைப் பார்த்தும் பார்க்காதவன்போல் நிற்க வேண்டியிருந்ததால் அவன் காது மட்டும் சிவந்தது.

அக்கரைச் சக்கரவர்த்தி முழங்கால் தண்ணீரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பல் இல்லாத கிழவர். பெட்டியைப் பார்த்ததும் உதடு துடித்தது. கழுவித்தானே குடுத்தேன், துடைச்சுத்தானே குடுத்தேன், மூணு மாசமா தெனமும் ஆத்தைப் பாத்தேன், ஒரு பழம் வரலையே ஐயா, நீங்க ஒறவை வெட்டிட்டீங்கன்னு மந்திரிமார் சொன்னாங்க, நானும் படையைக் கூட்டிட்டு வந்துட்டேன் என்றார். நம் ராசா பெட்டியைத் திறந்து அவர் மடியில் வைத்தார், ஆவுடையம்மாள் பாலை ஊற்றினாள். கிழவர் ஒரு வாய் வைத்தார். பல் இல்லாதவர் சாப்பிடத்தான் ஆண்டவன் இதைப் படைத்தான் என்று சொல்லி இன்னொரு வாய் வைத்தார். இரண்டு படையும் பார்த்துக்கொண்டிருக்க அவர் கடைசி நூல் வரை தின்றார், அவர் தின்னத் தின்ன நம் ராசாவின் தொண்டை ஏறி இறங்கியது. பிறகு குனிந்து ஆற்றுத் தண்ணீரில் பெட்டியைக் கழுவினார், தன் தலைப்பாகையை அவிழ்த்து ஈரம் போகத் துடைத்தார், துடைத்த வெறும் பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினார்.

நம் கரையில் எழுநூற்றுப் பன்னிரண்டு துப்பாக்கி ஒரே நேரத்தில் உயர்ந்தது. வெறும் பெட்டி கொடுக்கிறான், ராசா முகத்துக்கு நேரே கொடுக்கிறான் என்று யாரோ கத்தினார்கள். ஆவுடையம்மாள் வாயில் தாயே என்ற முதல் சொல் மட்டும் வந்தது, மீதி வரவில்லை.

அபயங்கர பூபதி அந்தப் பெட்டியை வாங்கி, தலைகீழாகக் கவிழ்த்து, ஒரு துளி விழவில்லை என்று தன் படைக்குக் காட்டி, அப்படியே கிரீடம்போல் தலையில் வைத்துக்கொண்டு சிரித்தார். பெட்டி பெரிசு, மூக்கு வரை இறங்கிவிட்டது. கண் தெரியாமல் அவர் ஒரு சுற்றுச் சுற்றித் தண்ணீரில் தொப்பென்று உட்கார்ந்தார். முதலில் சிரித்தது ஐயம்பெருமாள்தான், அடக்க முடியாமல் மூக்கு வழியாக வந்தது, பிறகு பக்கத்தில் நின்றவன், பிறகு வரிசை, பிறகு கரை, பிறகு அக்கரை, திவான் பயந்த அந்தச் சிரிப்பு ஆற்றைத் தாண்டி ஏழு சீமைக்கும் போனது, போன இடத்திலெல்லாம் ஒருவருக்கும் ஒன்றும் வலிக்கவில்லை.

பிள்ளைகள் வீடு திரும்பினார்கள். எந்த வீட்டு வாசலை எந்தப் பிள்ளை மிதித்தானோ அந்த வீட்டு ராசா அந்த நொடியில் இல்லாமல் போனார், தொட்டில் பாதி ஆட்டத்தில் நின்றது, வெங்காயம் பாதி உரிந்து கிடந்தது, பெண்கள் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழும்போதே ஒரு கண்ணால் அந்தப் பாதி வேலையையும் பார்த்தார்கள். நூருன்னிசாவின் இரட்டையரில் ஒருத்தன் மட்டும் அக்கரையில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு நிக்காஹ் முடியாமல் வர மாட்டேன் என்று நின்றுகொண்டான், அதனால் அவள் வீட்டில் ஒரு ராசா கூடுதலாக மூன்று வாரம் இருந்தார், ஊஞ்சல் முழுக்கத் தனக்கே கிடைத்த சந்தோஷத்தில். ஆவுடையம்மாள் வீட்டில் ஐயம்பெருமாள் உள்ளே வந்தபோது உரலில் அமுக்கின மாவு இருந்தது, அதன்மேல் இரண்டு உள்ளங்கை பதிந்த தடம் இருந்தது. அவன் அந்தத் தடத்தின்மேல் தன் கையை வைத்து மீதியைப் பிழிந்தான்.

பித்தளைத் தட்டை அரண்மனைக்குத் திருப்பணும். அவள் தட்டு நிறைய, இன்னொரு நூல் வைக்க இடமில்லாமல், இடியாப்பம் வைத்து, அதன்மேல் மகன் கையிலிருந்து அவிழ்த்த சிவப்புக் கயிற்றை வைத்தாள். நம் வழக்கத்தில் அது மரியாதை, அக்கரை வழக்கத்தில் இனி வராதே என்று அர்த்தம், ராசாவுக்கு இப்போது இரண்டும் தெரியும் என்பதால் கயிற்றை மேலேயே வைத்தாள்.

மறுநாள் மாலை வாசலில் லாரி நின்றது. அதே தட்டு. மறுபடியும் சண்டைக்கு ஆள் கேட்டு வந்ததோ என்று வாங்கிக் குனிந்து பார்த்தாள், வெற்றிலை இல்லை, பாக்கு இல்லை, கயிறு இல்லை, ஒன்றுமே இல்லை, கழுவித் துடைத்து, மூக்குத்தி தெரிகிற மாதிரி பளபளவென்று இருந்தது. அம்மன் படத்துக்கு முன்னால் வைத்து, தாயே உனக்கே தெரியும் என்றாள், சொல்லிவிட்டுக் கூடுதலாக இரண்டு படி அரிசி ஊறப்போட்டாள்.

விடியற்காலை நாலு மணிக்குப் புழக்கடைக் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. அன்றைக்கு அரண்மனையில் ராசா இல்லை என்று பிறகு சொன்னார்கள். அவர் கிணற்றடியில் நின்றிருந்தார், காலில் செருப்பு இருந்தது, கூச்சம் இருந்தது, ஒரே ஒரு ராசாதான்.

"பிழியிறது எனக்குத் தெரியும் தாயே, தோளு சொல்லும்," என்றார். "தின்னுதான் பாத்ததில்ல."

உள்ளேயிருந்து ஐயம்பெருமாள் எட்டிப் பார்த்து, உரலைக் கொஞ்சம் தள்ளி அவருக்கு இடம் விட்டான்.